சுண்டெலி சீரத்தில் கேட்டலேஸ்: புதுப்பிப்பு

ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியான கேட்டலேஸை அளக்க, எங்கள் கோவை ஆய்வகத்தில் போட்டிமுறை எலைசா (நிறத்தைக் கொண்டு புரத அளவைச் சொல்லும் சோதனை) போட்டபோது, சுண்டெலி சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) விட்ட தட்டுக் குழிகள் எல்லாம் உச்ச ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களில் அதிகச் செறிவுள்ளதை) விடவும் வெளுத்து நிற்கின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

பெரும்பாலும் தீர்ந்தது. இந்த முறையில் மாதிரியில் கேட்டலேஸ் கூடக் கூட நிறம் குறையும். அப்படி வெளுத்தால் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். திருப்பூர் நண்பர் சொன்னபடி 1:10, 1:20, 1:40 என்று நீர்த்துப் போட்டோம். நீர்த்த மடங்கால் பெருக்கிப் பார்த்தால் மூன்றும் ஒத்துப்போகின்றன. இனி 1:20தான்.

ஆனால் சில மாதிரிகள் மட்டும் அப்போதும் வெளுத்தே வந்தன. அந்தக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணு உடைந்திருக்கிறது. அதற்குள் கேட்டலேஸ் ஏராளம். கசிந்துவிட்டால் எது சீரத்தினுடையது, எது சிவப்பணுவினுடையது என்று எந்தச் சோதனைக் கிட்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒதுக்கிவிட்டேன். ஓர் உயிர் கொடுத்த ரத்தம் என்பதால் மனசு கனக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், இதிலேயே நொதியின் வேலைத்திறனும் தெரியுமா என்று ஈரோட்டிலிருந்து கேட்டவருக்கு: இந்த எலைசா புரதத்தின் அளவைத்தான் காட்டும், அதன் வேலைத்திறனை அல்ல. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு குறைவதை 240 நானோமீட்டரில் தனியாக அளக்க வேண்டுங்க.