'ஈக்குவல் ஃபுட்டிங்' கோட்பாட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

ம.:
குழுவினருக்கு வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கான கூட்டாட்சிப் பாடநூலில், அமெரிக்க ஒன்றியத்தில் புதிய மாநிலங்களைச் சேர்ப்பது பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஈக்குவல் ஃபுட்டிங்' என்ற தொடரில் நிற்கிறேன். 1796-இல் டென்னசியைச் சேர்த்த சட்டத்திலேயே அது உண்டு. எப்போது சேர்ந்தாலும் புதிய மாநிலத்துக்கு முதல் 13 மாநிலங்களுக்கு உள்ள அதே அரசியல் அதிகாரம் உண்டு என்பது கருத்து. வரைவில் 'சமநிலைக் கோட்பாடு' என்றிருக்கிறது. பொருளியல் படிக்கும் மாணவருக்குச் சமநிலை என்பது தேவையும் அளிப்பும் சந்திக்கும் புள்ளி. வேறு சொல் வேண்டும்.

வே.:
நிகர்நிலைக் கோட்பாடு. நல்ல தமிழ், எளிமையும் கூட.

செ.:
வே. ஐயா, அந்தச் சொல்லை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அங்கே அதற்குப் 'பல்கலைக்கழகமாகக் கருதப்படுவது' என்று பொருள். 'நிகர்நிலை மாநிலம்' என்று படிக்கும் மாணவர், மாநிலம் போன்ற ஒன்று என்றே எடுத்துக்கொள்வார். கோட்பாடு சொல்வதோ அதற்கு எதிரானது. 'இணை'யும் உதவாது. இணைப் பேராசிரியர் பேராசிரியருக்கு ஒரு படி கீழே. நம் அரசியலமைப்பின் 35-ஆம் திருத்தம் (1974) சிக்கிமுக்குக் கொடுத்ததும் இணை மாநிலம் என்ற இடைப்பட்ட நிலைதான். அது முழு மாநிலமானது 1975-இல், 36-ஆம் திருத்தத்தால்.

வே.:
ஏற்கிறேன். அப்படியானால் 'நேர்'. "கொள்வாரும் கள்வரும் நேர்" என்று குறள் (813) முடிகிறதே, அங்கே நேர் என்பது முழுச் சமம். யாப்பில் நாற்சீரடிக்கு அளவடி, நேரடி என்று இரண்டு பெயர். ஃபுட்டிங் என்பதிலும் அடி இருக்கிறது. 'நேரடிக் கோட்பாடு' என்றால் சொல்லும் பொருளும் ஒருங்கே அமையும். நிகர், ஒப்பு இரண்டும் தொல்காப்பியர் உவமவியலில் நிகர்ப்ப, ஒப்ப என்று உவம உருபாக நிற்பவை. உவமை என்றாலே இரண்டும் ஒன்றல்ல என்றாகிவிடும். நேர் அப்படியல்ல என்பது என் எண்ணம்.

செ.:
நன்னூலார் "நேர நிகர" என்று அதையும் உவம உருபாக வைத்திருக்கிறார், ஐயா. அதோடு, இன்று நேரடி என்றால் நேரடி ஒளிபரப்பு, நேரடி வரி. யாப்பு படித்தவர் மட்டும் படிக்கும் நூல் அல்லவே இது.

ந.:
சட்ட வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இலக்கணத்துக்குப் போகுமுன் சொல் எந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்று பாருங்கள்.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவு, காங்கிரஸ் புதிய மாநிலங்களைச் சேர்க்கலாம் என்கிறது. சமமாகச் சேர்க்க வேண்டும் என்று அதில் இல்லை. 1787 மாநாட்டு வரைவில் அப்படி ஒரு வாசகம் இருந்தது, குவெர்னர் மோரிஸின் (அது அவர் பெயர், ஆளுநர் பதவி அல்ல) முன்மொழிவின் பேரில் நீக்கினார்கள். மேற்கே உருவாகும் மாநிலங்களின் கை ஓங்கிவிடும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. எனவே கோட்பாடு சேர்க்கைச் சட்டங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வளர்ந்ததே.

அதன் கூர்மை ஒக்லஹோமாவில் தெரியும். 1906 சட்டம், 1913 வரை தலைநகர் கத்ரியில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 1907-இல் மாநிலமானது. 1910-இல் தலைநகரை ஒக்லஹோமா நகரத்துக்கு மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போக, 1911-இல் கோய்ல் எதிர் ஸ்மித் தீர்ப்பு வந்தது: மற்ற மாநிலங்களுக்கு இல்லாத இந்தக் கட்டு, சேர்ந்தபின் செல்லாது.

அரிசோனா இன்னும் தெளிவு. நீதிபதிகளை வாக்காளர் திருப்பியழைக்கலாம் என்று அதன் அரசியலமைப்பில் இருந்ததால் 1911-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் சேர்க்கைத் தீர்மானத்தைத் தடுத்தார். அதை எடுத்துவிட்டு 1912 பிப்ரவரியில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்த விதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் தடுக்க முடியவில்லை.

ஆனால் இது சொத்துச் சமம் அல்ல. நெவாடா நிலத்தில் சுமார் 80 விழுக்காடு இன்றும் ஒன்றிய அரசின் கையில். மாநிலமாக இருப்பதால் வரும் அதிகாரம் சமம், அவ்வளவே. 'தகுதி' என்ற சொல் இதைத் தாங்கும். சமதகுதிக் கோட்பாடு.

செ.:
அம்மா சொன்னது சரி. ஆனால் 1845 பொல்லார்ட் வழக்கில், கப்பல் போகும் நீரின் அடிநிலம் அலபாமாவுக்கே என்றதும் இதே கோட்பாட்டை வைத்துத்தான். சொத்து அடியோடு வெளியே நிற்கவில்லை.

ந.:
உண்மை. முதல் மாநிலங்களுக்கு அந்த நிலத்தின் மேல் இறையாண்மையின் பகுதியாக உரிமை இருந்தது, அதனால் புதியதற்கும் வந்தது. தகுதியோடு வந்த சொத்து என்பதால் சொல் உடையாது.

வே.:
சமம் வடசொல், தகுதி தமிழ். இரண்டையும் ஒட்டுவானேன்? நேர்தகுதி எனலாமே.

கா.:
"சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்று வள்ளுவர் எழுதிய பின்னும் சமம் நமக்கு அந்நியமா? சமபந்தி, சமதளம் எல்லாம் ஊரில் புழங்குபவை. ஒற்று மிகும் என்று நினைத்துச் சிலர் 'சமத்தகுதி' என்று த் போடுவார்கள். வேண்டாம். 'அந்தஸ்து' என்று நாளிதழ் பாணியில் போனாலும் எனக்குச் சம்மதமே, புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து என்று எல்லோரும் பேசுகிறோம்.

வே.:
தெலுங்கில் அந்தஸ்து என்றால் மாடி. 'சம மாடிக் கோட்பாடு' ஆகிவிடும். மறுக்கிறேன்.

செ.:
போகிற போக்கில் இன்னொன்று. வரைவில் சேர்க்கை, இணைப்பு இரண்டும் மாறிமாறி வருகின்றன. ஹவாயை 1898-இல் இணைத்தார்கள், 1959-இல்தான் மாநிலமாகச் சேர்த்தார்கள். நடுவில் 61 ஆண்டுகள். இரண்டு சொல்லையும் பிரித்தே ஆள வேண்டும். 'எனேபிளிங் ஆக்ட்' என்பதை 'அனுமதிச் சட்டம்' என்றிருப்பதும் பிழை. அது அரசியலமைப்பு வரைய மாநாடு கூட்ட வழிவிடும் சட்டம் மட்டுமே. வரைவை வாக்காளர் ஏற்று, பிறகே சேர்க்கை. டென்னசி அந்தச் சட்டத்துக்குக் காத்திராமலே அரசியலமைப்பை எழுதிக்கொண்டு போய் நின்றது.

கா.:
வழிவிடு சட்டம்?

வே.:
இயல்விப்புச் சட்டம்.

ந.:
மாணவர் வாயில் நுழையாது, ஐயா. ம., வழிவிடு சட்டத்தையே வையுங்கள். இன்னொன்று: நம் அரசியலமைப்பின் 2-ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் தக்கதெனக் கருதும் நிபந்தனைகளோடு சேர்க்கலாம் என்கிறது. சிக்கிமுக்கென்று தனி விதிகள் கொண்ட 371எஃப் உறுப்பு வந்தது அப்படித்தான். அதை அடிக்குறிப்பில் போட்டால், சமதகுதி நம் சட்டத்தில் தானாகக் கிடைப்பதில்லை என்று புரியும்.

ம.:
நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். சமதகுதிக் கோட்பாடு, மாநிலச் சேர்க்கை, வழிவிடு சட்டம் என்று வைக்கிறேன். ந. அம்மா சொன்ன அடிக்குறிப்பும் போகும். சொல்லடைவில் 'நேர்தகுதி' என்று தேடினாலும் இங்கே வரும்படி செய்துவிட்டேன்.

வே.:
சொல்லடைவில் இடம் தந்ததற்கு நன்றி. நேர்தகுதியே சரியான சொல். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.