‘வாங்கு’ பொத்தானுக்கு மேலே நஷ்டக் கணக்கைக் காட்டலாமா?

திரைக்காரன்
சென்னையில் ஒரு சின்ன புரோக்கர் நிறுவனத்தின் மொபைல் ஆப்புக்குத் திரை வடிவமைக்கிறேன். ஆபீஸ் சண்டை ஒன்றை இங்கே கொண்டு வருகிறேன். ஆப்ஷன் (பங்கு அல்லது குறியீட்டின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்; ஃப்யூச்சரையும் சேர்த்தால் ‘எஃப் அண்ட் ஓ’) வாங்கப் போகிறவருக்கு ஆர்டர் திரையிலேயே ஒரு வரி காட்ட நினைக்கிறேன்: ‘கடந்த 12 மாதத்தில் எஃப் அண்ட் ஓவில் உங்கள் நிகர நஷ்டம் ₹63,400. இதில் கட்டணம் மட்டும் ₹21,900.’ பாப்-அப் இல்லை, அறிவுரையும் இல்லை. மேனேஜரோ, கடைக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வேலை என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாராந்திர_வேட்டை
மேனேஜர் பக்கம்தான் நான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னதால் 2023 ஜூலையிலிருந்து லாகின் செய்தாலே ‘10 பேரில் 9 பேருக்கு நஷ்டம்’ என்று வந்து நிற்கிறது. தினமும் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இன்னும் எத்தனை முறை சொல்வீர்கள்? என் பணம், என் முடிவு ப்ரோ.

திரைக்காரன்
படிக்கிறீர்கள் என்றால் ஒரு கேள்வி. அதில் மூன்றாவது வரி என்ன?

வாராந்திர_வேட்டை
நாலு வரி இருக்கும். சரி, தெரியாது.

திரைக்காரன்
நஷ்டப்பட்டவர்கள், நஷ்டத்துக்கு மேலே அதில் 28 சதவீத அளவுக்குக் கட்டணமும் கட்டினார்கள் என்பதுதான் அது. உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் படிப்பதில்லை. ‘புரிந்துகொண்டேன்’ பொத்தான் கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது, கண்ணுக்கு வேலையே இல்லை. அது வந்தும் என்ன ஆனது? செபியின் முதல் ஆய்வில், 2021-22இல் நஷ்டப்பட்ட தனிநபர்கள் 89 சதவீதம். 2024-25இல் 91 சதவீதம். அந்த ஒரே வருடத்தில் போனது ₹1 லட்சம் கோடிக்கு மேல். ‘பத்தில் ஒன்பது’ என்பது ஊரார் கணக்கு. மீதி ஒருவன் நான்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்ளலாம். சொந்தக் கணக்கில் அந்த இடம் கிடையாது.

கும்பகோணம்_டிகிரி
ஆப்ஷன் ஆப்ஷன் என்றே பேசுகிறீர்களே தம்பிகளா, மியூச்சுவல் ஃபண்ட் வாங்குகிற எங்களையும் கொஞ்சம் பாருங்கள். நான் ஓய்வுபெற்ற ஆள். முதன்முதலாக ஓர் ஆப்பில் ஃபண்ட் பட்டியலைத் திறந்தேன், ஒரு வருட லாபப்படி வரிசை கட்டி நின்றது. உச்சியில் இருந்ததை வாங்கினேன். அது ஒரே துறையில் மட்டும் போடுகிற ஃபண்ட். ஃபண்டின் ஆபத்தைக் காட்டும் ரிஸ்க்-ஓ-மீட்டர் ‘மிக அதிகம்’ காட்டியதாம். அதைப் பார்க்க இரண்டு திரை உள்ளே போக வேண்டும்! கமிஷன் இல்லாத டைரக்ட், கமிஷன் உள்ள ரெகுலர் வித்தியாசமும் அப்படித்தான். மாதாமாதம் போடுகிற எஸ்ஐபியில் ₹10,000, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் கிடைத்தால் கிட்டத்தட்ட ஒரு கோடி. கமிஷன் ஒரு சதவீதத்தைத் தின்று 11 ஆனால் ₹87 லட்சம். சாம்பல் எழுத்தில் போடுகிற சங்கதியா இது?

வாராந்திர_வேட்டை
சார், அது நியாயம், வரிசையை மாற்றட்டும். ஆனால் ஆர்டர் திரை வேறு. அங்கே விலை நொடிக்கு நொடி ஓடும்போது பழைய பாவக்கணக்கு எதற்கு? ஆப் நடுநிலையாக இருந்தால் போதும்.

திரைக்காரன்
இப்போதுள்ள திரை நடுநிலை என்று யார் சொன்னது? அமெரிக்காவில் ராபின்ஹுட் ஆப் வர்த்தகம் முடிந்த கையோடு திரையில் வண்ணக் காகிதத் தூள் பறக்கவிட்டது. சூதாட்டம் போல இருக்கிறதென்று திட்டு வாங்கி, 2021 மார்ச் கடைசியில்தான் எடுத்தது. நம் ஆப்களில் முகப்பிலேயே ‘இன்று அதிகம் ஏறியவை’ நிற்கிறதே, அதுவும் தள்ளிவிடுகிற கைதான்.

கையைச்_சுட்டவன்
நஷ்டப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், திரைக்காரன் அண்ணா, உங்கள் வரி எனக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கும். மைனஸ் 63 ஆயிரம் என்று பார்த்தால் நான் நிறுத்த மாட்டேன், விட்டதைப் பிடிக்க இரண்டு லாட் (ஆப்ஷனை மொத்தமாக வாங்குகிற கட்டு) சேர்த்துப் போடுவேன். போட்டிருக்கிறேன். என்னைக் கவிழ்த்தது வேறு. என் ஆப்பில் பகல் முழுக்கப் பச்சையில் லாபம் ₹400 என்று இருக்கும். ராத்திரி அன்றைய வர்த்தகமும் கட்டணமும் உள்ள கான்ட்ராக்ட் நோட் மெயிலில் வரும், பான் எண் போட்டுத் திறந்தால் கதையே வேறு. ஒரு ஆர்டருக்கு ₹20. வாங்க ஒன்று, விற்க ஒன்று, ஜிஎஸ்டி சேர்த்து ₹47.20. நாளுக்குப் பத்துத் தடவை என்றால் ₹472, மாதம் 20 நாளைக்கு ₹9,440. எஸ்டிடி என்கிற பங்கு வர்த்தக வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் தனி. அந்தப் பச்சை எண்ணைக் கட்டணம் கழித்துக் காட்டியிருந்தால் இரண்டாம் வாரமே எழுந்து போயிருப்பேன்.

திரைக்காரன்
விட்டதைப் பிடிக்கிற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் ஆர்டர் திரையில் பழைய நஷ்டம் வேண்டாம், இந்த ஆர்டரின் கணக்கு மட்டும். ஒரு லாட்டில் 75 யூனிட் என்றால், ‘புரோக்கரேஜை ஈடுகட்டவே விலை 63 காசு ஏற வேண்டும்’ என்று, மற்ற வரிகளையும் கூட்டி ஒரே எண்ணாக. பச்சை எண்ணும் கட்டணம் போக. 12 மாதக் கணக்கைச் சந்தை மூடிய பிறகு, சாயங்காலம் காட்டலாம். ஜெரோதா புரோக்கர் ஆப்பில் கில் ஸ்விட்ச் என்று உண்டு: ஒரு பிரிவை நாமே அணைத்துவிட்டால் 12 மணி நேரத்துக்குத் திரும்பப் போட முடியாது. அப்படியொன்று அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வாராந்திர_வேட்டை
63 காசு கணக்கு ஓகே, எனக்கே உதவும். ஆனால் ‘விற்று வெளியேறு’ பொத்தான் பக்கம் எதையும் வைத்துவிடாதீர்கள். உள்ளே வரத் தடை போடலாம், வெளியே போகப் போடக்கூடாது.

திரைக்காரன்
அதில் சண்டையே இல்லை.

கும்பகோணம்_டிகிரி
ஃபண்ட் வரிசை?

திரைக்காரன்
மன்னிக்கணும் சார், அதையும் மீட்டிங்கில் வைக்கிறேன். எத்தனை வருடத்துக்குப் போடுகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பட்டியல் காட்டலாம் என்று நினைக்கிறேன். மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்தான், அந்த ‘ஒரு வருட லாபம்’ பட்டியலில்தான் அதிகம் பேர் தட்டுகிறார்கள்.

வாராந்திர_வேட்டை
சும்மா கேட்கிறேன், இந்த 12 மாதக் கணக்கு இப்போது எங்கே இருக்கும்?

கையைச்_சுட்டவன்
ரிப்போர்ட் பகுதியில் ‘டாக்ஸ் பி அண்ட் எல்’ (வரிக்கான லாப நஷ்டக் கணக்கு) இருக்கும். அதில் கட்டணத்தைத் தனியாகக் காட்டுவார்கள், கழித்துப் பாருங்கள்.

வாராந்திர_வேட்டை
பார்த்தேன். எண்ணைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆர்டர் திரையில் வேண்டாம்.