ஜப்பானில் முதுகலைப் படிப்பு: சைவ உணவுக்காரர் ஆய்வகச் சூழலில் எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: கார்காலம்

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் செண்டாய் நகரில் பொருளறிவியல் முதுகலைப் படிப்பில் சேரவிருக்கிறேன். விசா, உதவித்தொகை எல்லாம் முடிந்துவிட்டன. எஞ்சியிருக்கும் கவலை சாப்பாடு ஒன்றுதான். நான் பிறந்ததிலிருந்து சைவம். பால், தயிர் உண்டு, கேக்கில் கலந்த முட்டையையும் மறுப்பதில்லை, ஆனால் மீனும் இறைச்சியும் தொட்டதில்லை. ஜப்பானில் சைவ உணவு கிடைப்பது மிகவும் கடினம் என்று சிலர் சொல்கிறார்கள். காய்கறியும் சோயாவும் கடற்பாசியும் நிறைந்த நாட்டில் என்ன கவலை என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

பல்கலைக்கழக உணவகத்தில் மதியம் எவற்றைத் தயக்கமின்றி எடுக்கலாம், ஆய்வகத்தினர் சேர்ந்து சாப்பிடப் போகும்போது அவர்கள் மனம் கோணாமல் என் உணவு முறையை எப்படிச் சொல்வது, மேசையில் எந்தப் பழக்கங்களைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை அங்கே வாழ்ந்தவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். என்னுடன் வரும் தோழி இஸ்லாமியர். அவருக்கும் பயன்படும் செய்திகள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: வடகிழக்கு

வணக்கம் சகோதரி. நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மை. தட்டில் கண்ணுக்குத் தெரியும் காய்கறியால் சிக்கல் இல்லை. அது வெந்த சாற்றில்தான் சிக்கல் இருக்கிறது. கீரையோ கத்திரிக்காயோ முள்ளங்கியோ டோஃபுவோ, பெரும்பாலும் தாஷி என்னும் சாற்றில் வேகும் அல்லது ஊறும். கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி எனப்படும், புகையூட்டி உலர்த்திச் சீவிய மீனையும் சேர்த்து எடுப்பதே வழக்கமான தாஷி. மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப், உதோன், சோபா என்னும் நூடுல்ஸ் வகைகள், சுருட்டிய முட்டை ஆகியவற்றில் மட்டுமன்றி, நத்தோ என்னும் நொதித்த சோயா வாங்கினால் கூடவே வரும் சிறு பொட்டலச் சாற்றிலும் அது இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதைத் தடைசெய்தார். மீனை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியான காலம்வரை, இறைச்சியை விலக்கி மீனை உண்பதே நல்லொழுக்கமான உணவு முறையாக அங்கே நெடுங்காலம் மதிக்கப்பட்டது. ஆகவே இறைச்சி வேண்டாம் என்று சொல்லும் உங்களுக்கு மீன் சாற்றில் வெந்த காயைக் கொண்டுவந்து வைப்பவர் அன்போடுதான் செய்கிறார். இதை முன்கூட்டியே புரிந்துகொண்டால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

தாஷியை ஏன் இவ்வளவு விடாப்பிடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. நீங்கள் அறிவியல் மாணவி என்பதால் சொல்கிறேன். 1908இல் பேராசிரியர் கிக்குனாயே இக்கேதா கொம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். உலர்ந்த மீனில் இருப்பது இனோசினேட். இரண்டும் சேரும்போது சுவை தனித்தனியாக இருப்பதைவிடப் பன்மடங்கு கூடுகிறது. உலர்ந்த ஷீதாக்கே காளானில் உள்ள குவானிலேட்டும் குளுட்டமேட்டுடன் சேர்ந்து அதே வேலையைச் செய்யும் என்பது நமக்கு நற்செய்தி. பௌத்த மடாலயங்களின் ஷோஜின் சமையலில் கொம்புவையும் காளானையும் கொண்டே தாஷி எடுக்கிறார்கள். கோயாசான் மலையில் உள்ள மடாலய விடுதிகளில் தங்கினால் அதை முறையாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் அறையிலும் இது எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் கொம்புவையும் இரண்டு மூன்று உலர்ந்த காளான்களையும் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊற வைத்தால் போதும். அதில் மிசோவைக் கரைத்தால் கடைச் சூப்புக்குக் குறையாத சூப் கிடைக்கும்.

இனி உணவகம். பல பல்கலைக்கழகங்களில் அதை நடத்துவது செய்க்யோ என்னும் கூட்டுறவுச் சங்கம். தட்டை எடுத்துக்கொண்டு, சிறு சிறு கிண்ணங்களாக வைக்கப்பட்டிருப்பவற்றில் வேண்டியதை எடுத்து, இறுதியில் பணம் செலுத்தும் முறை. இது சைவருக்கு மிகவும் உதவியானது. வெள்ளைச் சோறு (அளவை நாமே சொல்லலாம்), குளிர்ந்த டோஃபு, எதாமாமே எனும் பச்சை சோயாக் காய், சாலட், தயிர், அவித்த முட்டை சாப்பிடுவீர்களானால் அதுவும் எனப் பலவற்றைச் சேர்த்தால் ஒரு வேளை நிறைவாகும். டோஃபுவின் மேலும் அவித்த கீரையின் மேலும் மீன் சீவல் தூவும் வழக்கம் உண்டு என்பதால், தூவுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறி சாதம் எனும் குழம்புச் சோற்றை மட்டும் தோற்றத்தைக் கண்டு நம்ப வேண்டாம். துண்டு எதுவும் கண்ணில் படாவிட்டாலும் அந்தக் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இறைச்சிச் சாறோ பெரும்பாலும் இருக்கும்.

பதில் 2: வெந்நீரூற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உங்கள் தோழிக்காக எழுதுகிறேன். நான் படித்தது பெப்பு நகரில். 2000ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழப் பாதி மாணவர்கள் வெளிநாட்டவர். உணவகத்திலேயே ஹலால் உணவு கிடைக்கும். இதே வசதி எல்லா ஊரிலும் இருக்காது என்பதால், சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. அங்குள்ள முஸ்லிம் மாணவர் அமைப்பையும் அவர்கள் வழியாகவே அறியலாம்.

பொட்டல உணவுகளின் பின்புறத்தைப் படிக்கப் பழகுவதுதான் சைவருக்கும் எங்களுக்கும் பொதுவான வேலை. ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, சோபா நூடுல்ஸ் செய்யும் பக்வீட் தானியம், நிலக்கடலை போன்றவற்றை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவற்றை அச்சிடுவது பரிந்துரை மட்டுமே. தாஷிக்குப் பயன்படும் கட்சுவோ மீன் இந்த இரண்டிலும் இல்லை. ஆகவே உட்பொருள் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும். பன்றி, மாடு, கோழி, மீன், மது, கொழுப்பு ஆகிய ஆறு எழுத்துக்களைப் படமாகக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது, மொழிபெயர்ப்புச் செயலியைவிட விரைவானது என்பது என் அனுபவம். ரொட்டியில் பன்றிக் கொழுப்பும், இனிப்புகளில் ஜெலட்டினும், குழம்புகளில் மிரின் என்னும் இனிப்பு மதுவும் வரும். பல சோயா சாஸ்களில் கெட்டுப்போகாமல் இருக்க மதுசாரம் சேர்க்கிறார்கள். ஹலால் சான்று பெற்றவையும் விற்பனையில் உள்ளன.

இறைச்சியைப் பொறுத்தவரை, கியோமு சூப்பர் போன்ற மலிவு விலைக் கடைகளில் கிடைக்கும் பிரேசில் நாட்டு உறைந்த கோழியில் பெரும்பாலும் ஹலால் முத்திரை இருக்கும். தோக்கியோ சென்றால் ஷின் ஓக்குபோ பகுதியிலும், யோயோகி உயெஹாராவில் உள்ள தோக்கியோ ஜாமி பள்ளிவாசலின் கடையிலும் வாங்கலாம். துவரம் பருப்பு, புளி, மசாலாப் பொடிகளுக்கும் ஷின் ஓக்குபோவே வசதி. இணையத்தில் கேட்டால் வீட்டுக்கே அனுப்புவார்கள்.

கார்காலம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன தாஷி விளக்கத்தைப் படித்தபின், உண்மையான கேள்வி எது என்று எனக்கே தெளிவாகிறது. தாஷியையும் தவிர்ப்பது என்று உறுதியாக இருந்தால், வெளியில் யாருடனும் சேர்ந்து உண்ண முடியாமல் ஆய்வகத்தில் தனிமைப்பட்டுவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். மிக்சி, குக்கர் எடுத்து வரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 3: நிழல்மரம்

அன்புத் தங்கைக்கு, நான் நாகோயாவில் முனைவர் பட்டம் முடித்து அங்கேயே ஆய்வாளராக இருக்கிறேன். தாஷியை நான் ஏற்றுக்கொண்டேன். மீன் துண்டும் இறைச்சியும் மட்டும் உண்பதில்லை. என்னுடன் படித்த தோழி ஒருவர் தாஷியையும் கடைசிவரை தொடவில்லை. ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் கிடைத்த அன்பில் வேறுபாடு எதையும் நான் காணவில்லை. எனவே எது உங்கள் மனத்துக்கு ஒப்புகிறதோ அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மேசையில் அமர்ந்த பிறகு, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்வது மிகவும் கடினம்.

ஆய்வகத்தில் புதியவர்களுக்கு வரவேற்பு விருந்து, டிசம்பரில் ஆண்டிறுதி விருந்து என்று சில நிகழ்ச்சிகள் கட்டாயம் வரும். பெரும்பாலும் இசக்காயா என்னும் மதுவும் உணவும் தரும் கடையில், தலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிய விருந்தாக இருக்கும். ஏற்பாட்டாளராக மாணவர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு வாரம் முன்னதாகத் தனியாகச் சொல்லுங்கள். அவர் கடைக்குத் தொலைபேசியில் பேசி ஏதாவது ஏற்பாடு செய்வார். அன்றைய தினம் அங்கே போய்ச் சொன்னால், சமையலறையில் மாற்ற ஒன்றும் இருக்காது. ஏற்பாட்டாளருக்குத்தான் பெரிய சங்கடம். அமர்ந்தவுடன் கேட்காமலே வரும் சிறு கிண்ணத்தில் மீன் இருக்க வாய்ப்பு அதிகம்; அருகில் இருப்பவரிடம் அமைதியாக நகர்த்திவிடலாம். ஜப்பானில் மது அருந்தும் சட்ட வயது 20 என்றாலும் அருந்தியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஊலோங் தேநீரை வைத்துக்கொண்டு முழு விருந்திலும் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் பலர் உண்டு.

"நிக்கு தோ சக்கானா வா தபெரரெமசென், கட்சுவோ தாஷி மோ தபெரரெமசென்" என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; இறைச்சியும் மீனும் உண்ண இயலாது, மீன் தாஷியும் இயலாது என்று பொருள். இதையே அழகாக எழுதித் தரச் சொல்லி ஒரு அட்டையாக வைத்துக்கொண்டால் கடைகளில் காட்டலாம். ஒவ்வாமை என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வாமையை அங்குள்ள கடைக்காரர்கள் உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். பொறுப்பேற்க அஞ்சி, உணவே தர இயலாது என்று மறுத்துவிடவும் கூடும். உண்மையில் ஒவ்வாமை உள்ள ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் அல்லவா?

தனிமையைப் பற்றிக் கேட்டீர்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஆய்வகம் முழுவதும் எழுந்து உணவகத்துக்குப் போகும். நீங்கள் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோனாலும் அவர்களுடன் சேர்ந்து போய் அமருங்கள். உடன் இருப்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள், தட்டில் இருப்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதே சமயம், தனியாக அமர்ந்து உண்பதும் அங்கே முற்றிலும் இயல்பானது. பல உணவகங்களில் தடுப்பு வைத்த ஒற்றை இருக்கைகளே உண்டு. முதல் சில வாரங்களில் அந்தக் காட்சியைப் பார்த்து, யாருக்கும் யார் மேலும் அக்கறை இல்லை என்று நம் மாணவர்கள் மனம் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எண்ண வேண்டாம். குளிர்காலத்தில் ஆய்வகத்திலேயே நாபே எனும் சட்டிக் குழம்பு வைப்பார்கள். அன்று கொம்புவில் தனிச் சட்டி வைக்க முன்வாருங்கள். டோஃபு, முட்டைக்கோஸ், காளான் போட்ட அந்தச் சட்டியில் மற்றவர்களும் பங்கு கேட்பார்கள்.

மேசைப் பழக்கங்களில் இரண்டை மட்டும் உறுதியாக நினைவில் வையுங்கள். சோற்றில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாக நடக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்புகளை எடுத்துக் கொடுக்கும் முறை அது. இவை இரண்டும் துக்கத்தை நினைவூட்டுபவை என்பதால் உண்மையாகவே மனம் புண்படும். மற்றவை பார்த்துப் பழகக்கூடியவை: உண்ணும் முன் "இத்ததாக்கிமாசு" என்பது, சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பது, எடுத்ததை மிச்சம் வைக்காமல் முடிப்பது. நூடுல்ஸை உறிஞ்சினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உறிஞ்சாவிட்டாலும் நினைக்க மாட்டார்கள்.

பதில் 4: வடகிழக்கு

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தாஷி விஷயத்தில் நான் அவருடைய தோழியின் பக்கம்; அதனால் வெளியில் உண்ணும் வேளைகள் குறைந்தன, நட்பு குறையவில்லை.

மிக்சி வேண்டாம். அங்கே வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட் மிக்சி சோர்ந்து சுழலுமே தவிர அரைக்காது, மின்மாற்றி வைத்து ஓட்டுவது பெருஞ்சுமை. அங்கேயே சிறு அரைப்பான் வாங்கிக்கொள்ளலாம். குக்கரை எடுத்து வாருங்கள், ஆனால் அடிப்பகுதி இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதா என்று பார்த்து எடுங்கள். பல விடுதிகளில் எரிவாயு அடுப்பு இல்லை. பொதுச் சமையலறையில் மிளகாய் தாளிக்கும் முன் காற்றுப்போக்கியை முழு வேகத்தில் வையுங்கள், புகை எச்சரிக்கை மணி கூரையில் இருக்கும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நூறு யென் கடையில் விற்கும் கட்டியாக்கும் தூளைக் கலந்து குப்பையில் போட வேண்டும்.

பச்சைக் கறிவேப்பிலை எடுத்து வராதீர்கள். புதிய இலை, காய், கனிகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். சிலவற்றுக்குச் சான்றிதழ் இருந்தாலும் அனுமதி இல்லை. இறைச்சி கலந்த எதையும் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், தோழியிடம் சொல்லுங்கள். கடையில் முத்திரையிட்டு விற்கும் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பெருங்காயம் ஆகியவற்றை எடுத்து வாருங்கள்.

அரிசி குட்டையாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருக்கும். எலுமிச்சை சாதத்துக்குச் சரிவராது, தயிர்சாதத்துக்கு மிக நன்றாக இருக்கும். 2025இல் 5 கிலோவின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டியது என்பதால் மாதச் செலவில் அதற்குத் தாராளமாக ஒதுக்குங்கள். காய்கறியும் டோஃபுவும் கடை மூடும் நேரத்துக்கு முன் தள்ளுபடி வில்லை ஒட்டி மலிவாகக் கிடைக்கும். செண்டாய் வந்து இறங்கியதும் இங்கே எழுதுங்கள். எந்தக் கடையில் துவரம் பருப்பு இருக்கிறது என்று அப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன்.