ஐட்லிங் நடுக்கம்: ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றுவதா, அளந்து பார்ப்பதா?

கோண்டாவில் வான்:
வணக்கம். என்னுடையது 2008ஆம் ஆண்டுக் காமன்ரெயில் டீசல் வான், அதாவது ரெயில் என்கிற ஒரே அழுத்தக் குழாயில் இருந்து எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் போகிற வகை. ஹயர் ஓட்டம். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக நிற்கிறது. சூடேறின பிறகு, ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நிற்கும்போது ஆர்பிஎம் 650க்கும் 900க்கும் இடையில் ஏறி இறங்குகிறது, சீற் எல்லாம் நடுங்குகிறது. எஞ்சின் லைற் எரிகிறது. ஸ்கானரில் பி0191 என்ற பழுதுக் கோட். கராஜில் ரெயிலின் அழுத்தத்தை அளக்கிற ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒன்று எடுப்பிக்கலாமாம். செய்யலாமா?

ஏழாலை எலெக்ட்ரிக்:
அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதேங்கோ அண்ணை. பி0191 வந்தால் சென்சார் பழுது என்று அர்த்தமில்லை. சென்சார் சொல்லும் அளவும் எஞ்சின் கொம்பியூட்டர் எதிர்பார்க்கும் அளவும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அழுத்தமே உண்மையில் பிழையாக இருந்தாலும் இந்தக் கோட் விழும். வயர் அறுந்தால், ஷோர்ட் ஆனால் அனேகமாக பி0192 அல்லது பி0193தான் வரும். இரவு முழுக்க நின்ற வானில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி ஸ்கானரில் ரெயில் பிரஷரைப் பாருங்கோ. பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதே 50 பார் காட்டினால் சென்சாரையோ அதன் எர்த் வயரையோ சந்தேகிக்கலாம்.

சுன்னாகம் டீசல்:
தம்பி, பூச்சியம் சரி என்றால் சென்சார் சரி என்று ஆகாது. கீழே சரியாகவும் மேலே போகப் போகக் குறைத்தும் காட்டுகிற சென்சார்கள் இருக்கின்றன. அப்போது என்ன நடக்கும்? கொம்பியூட்டர் அந்தக் குறைந்த கணக்கை நம்பி, பம்பை இன்னும் தள்ளச் சொல்லும். ஸ்கானரில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் அச்சொட்டாக ஒன்றாக நிற்கும். ரெயிலுக்குள்ளே உண்மையான அழுத்தம் கூடி, எஞ்சின் தட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க 2000 பார் தாங்கும் தனி மீற்றர் வேண்டும். எங்கட பக்கத்தில் எத்தனை கராஜில் அது இருக்கிறது? அதனால்தான் நன்றாக ஓடுகிற இன்னொரு வானின் சென்சாரைப் போட்டுப் பார்க்கிறோம். ஹயர்காரன் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் அவன் வீட்டு அடுப்பு எரியாது.

ஏழாலை எலெக்ட்ரிக்:
ஓடுகிற வானில் இருந்து கழற்றியது என்றால் ஒத்துக்கொள்கிறேன். அண்ணைக்குச் சொன்னது பஞ்சிகாவத்தைப் பழசு. அதன் நிலைமை யாருக்குத் தெரியும்? போட்ட பிறகும் நடுங்கினால் பழுது எதில் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதோடு ரெயிலைத் திறந்தால் தூசு போகும், ஒரு துணுக்கு போதும் நொசிலைக் கெடுக்க.

இன்னொன்றையும் யோசியுங்கோ. நீங்கள் சொல்கிற மாதிரிக் குறைத்துக் காட்டுகிற சென்சார் எப்போதும் குறைத்துத்தான் காட்டும், அலை மாதிரி ஆட்டாது. இங்கே ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. பம்பின் மேலே இருக்கிற எஸ்சிவி, அதாவது பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று விடுகிற வால்வு, ஒட்டிப் பிடித்தால் அப்படித்தான் ஆகும். கேட்டதும் திறக்காது, பிறகு ஒரேயடியாகத் திறக்கும், அழுத்தம் எல்லை தாண்டும், உடனே குறைக்கச் சொல்லும்.

நெல்லியடி ஓட்டுநர்:
முதலில் டீசல் பில்ரரையும் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கோ. 2022 தட்டுப்பாட்டு நேரம் கான் கானாக வைத்திருந்த டீசலை ஊற்றின ராங்குகளில் அடிக்கசடு இன்னும் கிடக்கலாம். அப்புறம், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போதே நொசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக இளக்கிப் பார்க்கலாம்.

சுன்னாகம் டீசல்:
அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்! அது பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்துப் பழக்கம். காமன்ரெயிலில் ஐட்லிங்கிலேயே 300 பார் அளவில் நிற்கும், மிதித்தால் 1600 பாரும் தாண்டும். நட்டு இளகின இடத்தால் வருகிற டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தின அளவில்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்கானரால் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். அல்லது ஒவ்வொரு இன்ஜெக்டரிலும், அதாவது டீசலைப் பீச்சுகிற நொசிலிலும், மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டேர்ன் குழாயை சின்னப் போத்தலுக்குள் விட்டு ஐட்லிங்கில் ஓட விடுங்கோ. ஒரு போத்தல் மட்டும் மற்றதை விட வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் ஒழுகுகிறது.

ஏழாலை எலெக்ட்ரிக்:
இதில் எனக்கு முழு உடன்பாடு. சூடேறினால் டீசல் இளகும், தேய்ந்த இன்ஜெக்டரில் ஒழுக்கும் கூடும். காலையில் நன்றாக நின்று பிறகு ஆடுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

கோண்டாவில் வான்:
பார்த்தேன். காலையில் சாவி மட்டும் போட்டபோது 0. எர்த்தில் மீற்றர் 0.03 வோல்ற்தான், அதனால் எர்த் வயரில் பிழையில்லை. சூட்டில் கேட்கிற அழுத்தம் 300 பாரில் கோடு மாதிரி நிற்கிறது, கிடைக்கிறது 240க்கும் 370க்கும் இடையில் போய் வருகிறது.

சுன்னாகம் டீசல்:
அப்படியென்றால் சூட்டோடு சென்சார் பிளக்கைக் கையால் ஆட்டிப் பாருங்கோ. வரைபடம் துள்ளினால் பிளக் ஊசிகளில் உப்புக்காற்றுத் துரு இருக்கும். துள்ளாவிட்டால் எஸ்சிவிக்குப் போகலாம். வேறு நல்ல சென்சார் போட்டுப் பார்க்கும் வரை நான் அதை நல்லது என்று எழுதித் தர மாட்டேன், அதில் மாற்றமில்லை.

ஏழாலை எலெக்ட்ரிக்:
போத்தல் சோதனை முடிய முதல் எஸ்சிவியும் வாங்க வேண்டாம், ஒழுகுகிற இன்ஜெக்டராலும் இந்த அலை வரலாம். அண்ணை, சாமான் கடைசியாக வாங்குவதுதான்.

கோண்டாவில் வான்:
பிளக்கை ஆட்டினேன், துள்ளவில்லை. பஞ்சிகாவத்தைச் சென்சாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பில்ரர் மாற்றி, சனிக்கிழமை சுன்னாகம் அண்ணையிடம் போத்தல் சோதனைக்குக் கொண்டு வருகிறேன்.

சுன்னாகம் டீசல்:
கொண்டு வாங்கோ. எஸ்சிவி மாற்ற வேண்டி வந்தால், சில வண்டிகளில் பம்ப் லேர்னிங்கை, அதாவது பழைய வால்வுக்குக் கொம்பியூட்டர் படித்து வைத்த கணக்கை, ஸ்கானரால் அழித்துத் திரும்பப் படிக்க விட வேண்டும், இல்லாவிட்டால் புது வால்விலும் ஐட்லிங் ஆடும். அதற்கு வான் நன்றாகச் சூடேறி இருக்க வேண்டும், ஏசியை ஓவ் பண்ணிவிட்டு வாங்கோ.