மறுமொழி: ‘ஃபோன்ஸ்’ தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

பொருநை:
மருத்துவ வரலாற்று ஆவணக்காப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘ஃபோன்ஸ்’ (fonds) என்ற பிரெஞ்சுச் சொல் வரும் இடமெல்லாம் இன்னும் கோடிட்டுக் கிடக்கிறது. ஒருவரோ ஒரு நிறுவனமோ வேலையின் போக்கில் உண்டாக்கி, அவரிடமே சேர்ந்துபோன ஆவணங்கள் அத்தனையும் என்று பொருள். ‘தொகுப்பு’ என்று போடலாமா?

ஏட்டுப்பூச்சி:
கூடாது. லண்டன் வெல்கம் நூலகத்தையே பாருங்கள். அதை நிறுவிய ஹென்றி வெல்கமுக்காக பைரா மல் என்பவர் 1911 முதல் இந்தியாவில் தேடி வாங்கிய சுவடிகள் தொகுப்பு. பல கைகளில் இருந்தவை. 2001இல் அங்கே வந்த பிரான்சிஸ் கிரிக்கின் (வாட்சனுடன் டிஎன்ஏ வடிவத்தைக் கண்டவர்) தாள்கள் அப்படியல்ல, அவர் வேலையிலேயே விளைந்தவை. அவற்றின் அடுக்கைக் கலைத்தால் எந்தக் கடிதம் எந்தக் குறிப்பையொட்டி எழுந்தது என்பதே போய்விடும். மருத்துவமனை ஏடுகளில் இது இன்னும் மோசம். சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணைக் கொண்டுதான் நோயாளியின் குறிப்பேட்டைப் பிடிக்க முடியும். ‘காசநோயெல்லாம் ஒரே பெட்டியில்’ என்று யாராவது நல்லெண்ணத்தில் அடுக்கினால் தீர்ந்தது. நிழற்படங்களைக் குளிரறைக்கு மாற்றும்போதுகூட, எடுத்த உறையில் எண், தேதி, புது இருப்பிடம் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். பென்சிலில் எழுதுங்கள்; பேனா மை ஈரம் பட்டால் அடுத்த தாளுக்கும் ஊறும்.

செங்கீரன்:
‘முதல்’ என்று வையுங்கள். இலத்தீன் ‘ஃபுண்டுஸ்’ என்றால் அடி. நம் முதலுக்கும் அடி, வேர் என்ற பொருள் உண்டு. ஆங்கில ‘ஃபண்ட்’ (நிதி) அதே வேர், நம் கடைக்காரர் போடும் முதலும் இதே சொல்! முதல்–சினை (முழுமை–உறுப்பு) உறவு இலக்கணத்தில் தயாராக இருக்கிறது: ஃபோன்ஸ் முதல், அதன் உட்பிரிவான சீரிஸ் சினை.

பொருநை:
ஐயா, ‘கிரிக் முதல்’ என்றால் மாணவர்கள் ‘வாட்சன் வரை’யைத் தேடுவார்கள். சினை என்றால் மாடு.

வன்னியூரான்:
யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் வைத்தியர் அனாட்டமிக்கு, அதாவது உடற்கூற்றியலுக்கு, ‘அங்காதிபாதம்’ எண்டு வைச்சவர். இண்டைக்கு ஆருக்கு விளங்கும்? அவரே 1875இல கெமிஸ்ட்ரிக்கு ‘கெமிஸ்தம்’ எண்டும் புத்தகம் போட்டவர். அதுமாதிரி ‘ஃபோன்ஸ்’ எண்டே எழுதுங்கோ.

செங்கீரன்:
பிரெஞ்சுக்காரர் உச்சரிப்பில் அது கிட்டத்தட்ட ‘ஃபோன்’. தொலைபேசிக் காப்பகமா நடத்துகிறோம்? பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரர் வழக்கில் கையெழுத்தை ஒப்புநோக்க வேறோர் ஓலையை வரவழைத்தது ‘அரண்தரு காப்பில்’ இருந்து. ஆவணக்காப்பகம் என்பதையே இப்படி மாற்றலாம்.

ஏட்டுப்பூச்சி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா.

பொருநை:
‘மூலத்தொகுதி’?

ஏட்டுப்பூச்சி:
மருத்துவ வகுப்பில் மூலமா? வேண்டவே வேண்டாம். திரள்–திரட்டு என்று தன்வினை பிறவினை இருக்கிறதே. பைரா மல் திரட்டினார், அது திரட்டு. கிரிக்கின் தாள்கள் தாமாகத் திரண்டன, அது ஆவணத்திரள்.

வன்னியூரான்:
திரள் எண்டால் சனக்கூட்டம்தான் ஞாபகம் வரும். எண்டாலும் மற்றதுகளை விடப் பரவாயில்லை.

செங்கீரன்:
என் வாக்கு ‘முதல்’தான். திரளில் முழுமை என்ற பொருள் இல்லை. பாதி தொலைந்தாலும் மீதி திரள்தானே?

பொருநை:
மூன்றுக்கு ஒன்று. ஆவணங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு விவரிப்பு நெறியின் (ISAD(G)) 6 கட்டாயக் கூறுகளையும் மாதிரிப் பதிவில் இப்படிப் போட்டுவிட்டேன்: குறியீட்டெண், தலைப்பு, ஆக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை. கடைசிக் கட்டத்தில் ‘ஆவணத்திரள்’. முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘ஃபோன்ஸ்’. சீரிஸுக்கு ‘வரிசை’ என்று விட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

செங்கீரன்:
இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.