ஜான்டெக்கின் முதல் தட்டு வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, அமெரிக்கப் பாடகர், ஹூஸ்டன்காரர் ஜான்டெக்கின் முதல் ஆல்பம் ‘ரெடி ஃபார் த ஹவுஸ்’ எல்பி இசைத்தட்டு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். மூன்று நாளாக வேறெதையும் கேட்கவில்லை.

1978இல் இது முதலில் வந்தபோது அட்டையில் ‘தி யூனிட்ஸ்’ என்றுதான் போட்டிருந்தது. அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் அப்புறம்தான் ஜான்டெக் என்று மாறியது. என்னுடையதில் ஜான்டெக் என்றே இருக்கிறது. ஆக, முதல் அச்சு இல்லை. அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

கேள்வி கடைசிப் பாட்டைப் பற்றி. அதுவரை ஒரே தொய்ந்த சுருதியில் போன கிட்டார், அங்கே வந்ததும் எலக்ட்ரிக் ஆகிவிடும். பிறகு பாட்டு பாதியிலேயே அறுந்துபோகும். அது வேண்டுமென்றே விட்டது, தலைப்பிலேயே ‘முடிவுறாதது’ என்று இருக்கிறது. ஆனால் என் தட்டில் அறுவதற்குச் சற்று முன் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன், ஊசியும் மாற்றினேன், போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் கீறலும் தெரியவில்லை.

உங்கள் தட்டிலும் அந்தச் சத்தம் வருகிறதா? சிடியில் கேட்டவர்களும் சொல்லலாம். இன்னொன்று, லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்துப் போட முடியுமா? என்னுடையதோடு ஒப்பிட்டால் எந்த அச்சு என்று பிடித்துவிடலாம்.