வேலை மாறினாலும் கை இன்னும் பழைய வேலையிலேயே இருக்கு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்க

பத்துபாயிண்ட்:
அச்சகத்தில் ஈய எழுத்தைக் கையால் அடுக்கின கம்பாசிட்டர்கள், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபிக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரே விஷயத்துக்கு வர்றேன். 160 பக்கப் புத்தகம், பக்கம் அமைச்ச பையன் மூணு தடவை படிச்சுட்டான். ப்ரூஃப் பார்க்கிற பெரியவர் லெட்டர்பிரஸ்ஸில் தொடங்கினவர். தாளை வாங்கினதும் தலைகீழாகத் திருப்பினார். ஒரு வார்த்தை படிக்கலை. பென்சிலால் ஏழு இடத்தில் சுழிச்சார். ஏழும் இடைவெளிக் கோளாறு.

காரணம் இருக்கு. ஈய எழுத்தை இடது கையில் பிடிச்ச ஸ்டிக்கில் (அடுக்குற சின்னத் தட்டு) இடமிருந்து வலமாக, தலைகீழாகத்தான் அடுக்கணும். எழுத்தின் உடம்பில் இருக்கிற வெட்டு எல்லாத்திலும் ஒரே பக்கம் இருந்தாலே போதும், ஒண்ணும் புரளலைன்னு விரலுக்குத் தெரிஞ்சிடும். வரி முடிஞ்சதும் வார்த்தைகளுக்கு நடுவே ஸ்பேஸ் மாத்தி இறுக்கணும். எம் (எழுத்தின் உயரத்துக்குச் சமமான அளவு) அகலத்தில் மூணில் ஒண்ணு, நாலில் ஒண்ணு, அஞ்சில் ஒண்ணுன்னு கனம் வாரியா ஸ்பேஸ் உண்டு. வரி தளர்வா நின்னா, பக்கத்தைச் சேஸில் (இரும்புச் சட்டத்தில்) முடுக்கித் தூக்கும்போது எழுத்து கொட்டிடும். அப்புறம் அந்தப் பக்கத்தை முதல்லேருந்து அடுக்கணும். அந்தப் பயத்தில் பழகின கண், அர்த்தத்தை விட்டுட்டு வெள்ளையைத்தான் பார்க்கும்.

பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வார்த்தை இடைவெளி தானா குறைஞ்சது 80, இயல்பா 100, அதிகபட்சம் 133 விழுக்காடுன்னு இருக்கும். ஆனா ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் பிடிக்கிற ஒல்லிப் பத்தியில் தமிழ் நீள வார்த்தை ஒண்ணு விழுந்தா 133ஐயும் தாண்டி இழுத்துடும். எழுத்திடைவெளியை நோண்டாதீங்க, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும். பத்தியை 5 மில்லிமீட்டர் அகலமாக்குங்க, இல்லேன்னா வலது ஓரத்தைச் சமன் பண்ணாம விட்டுடுங்க.

ரெண்டாம்மெஷின்:
பழைய தியேட்டர் ஒண்ணை டிஜிட்டல் ஆக்கியிருந்தாங்க. ப்ரொஜக்டர் கேபினில் பழைய ஆபரேட்டரே இருந்தார். படம் சர்வரில் ஓடுது, அவருக்குக் கையில் வேலை ஒண்ணும் இல்லை. ஆனா இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்கு வந்து திரையின் வலது மேல் மூலையைப் பார்ப்பார். அங்கே ஒண்ணும் வராது.

ஃபிலிம் காலத்துப் பழக்கம் அது. 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ஸ்பூல் 22 நிமிஷம் சொச்சம், அடுத்த ஸ்பூல் ரெண்டாவது மெஷினில் (ப்ரொஜக்டரில்) தயாரா இருக்கும். முடிய எட்டு நொடி இருக்கும்போது மூலையில் ஒரு வட்டம், ரெண்டாவது மெஷினின் மோட்டாரைப் போடணும். கடைசி ஒரு நொடியில் இன்னொரு வட்டம், ஒளியையும் ஒலியையும் மாத்தணும். ஒவ்வொரு வட்டமும் நாலே ஃப்ரேம், கண் சிமிட்டினா போச்சு. நடுவில், வெளிச்சத்துக்காக எரியிற ரெண்டு கார்பன் குச்சிகளின் இடைவெளியையும் பார்க்கணும். பாசிட்டிவ் குச்சி வேகமா எரியும். இடைவெளி கூடினா வெளிச்சம் தடுமாறும், விட்டா அணைஞ்சே போயிடும். தினம் ஓசியில் படம் பார்க்கலாம்னு ஆசைப்பட்டு வேலைக்கு வந்த பையன் படத்தில் பார்த்தது மூலையை மட்டும்தான்.

இப்போ தவறுகிறது வேற இடத்தில். படம் ஹார்டு டிஸ்க்கில் வரும், திறக்கிற சாவி கேடிஎம் ஃபைலாகத் தனியா வரும். அந்தச் சாவி அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான். பக்கத்து ஸ்க்ரீனில் போட்டாலும் திறக்காது, சர்வரை மாத்தியிருந்தாலும் திறக்காது. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அதுக்குள்ளேயே எழுதியிருக்கும். அது யூடிசி (உலகப் பொது) நேரமா இருந்தா, நம்ம நேரத்துக்கு 5:30 மணி கூட்டிப் பார்க்கணும். காலைச் சிறப்புக் காட்சிக்கு ஆள் நிறைஞ்சு விசில் அடிக்கும்போது சாவி பத்து மணிக்குத்தான் செல்லும்னு தெரிஞ்சா ஆபரேட்டரால் ஒண்ணும் பண்ண முடியாது. முதல் நாள் ராத்திரியே சர்வரில் ஏத்திச் செல்லுபடியாகும் நேரத்தைப் பார்க்கிறவர்தான் இன்னைக்கு நல்ல ஆபரேட்டர்.

கேஸ்கட்டை:
பத்துபாயிண்ட் சொன்னதில் பாதிதான் சரி. அச்சகத்தில் முதல் வேலை எழுத்தைக் கோர்க்கிறது இல்லை சார், பிரிச்சுப் போடுறது. அச்சடிச்சு முடிச்ச பக்கத்தின் எழுத்தை எடுத்து அதது குழியில் போடணும். அதைப் பல மாசம் செஞ்சாத்தான் கேஸில் (எழுத்துப் பெட்டியில்) எது எங்கேன்னு கைக்குப் படியும். ரகரத்தையும் காலையும் (ா) மாத்திப் போடாத பையன் கிடையாது. மறுநாள் கோர்க்கிறவர் காலுன்னு நினைச்சு ரகரத்தை எடுத்து, ப்ரூஃப் பூரா பிழையாகி, பையன் வாங்கிக் கட்டிக்கிறது அங்கேதான் ஆரம்பம்.

இன்னொண்ணு. பழைய கை புது வேலையில் உதவுறதை மட்டும் சொல்றீங்க, கெடுக்கிறதையும் சொல்லுங்க. ஔகார வரிசைக்கு வலது பக்கம் வர்ற குறியும் ளகரமும் உருவத்தில் ஒண்ணு. ஈயத்தில் ஒரு எழுத்தே ரெண்டுக்கும் போதும். அதே கை யூனிகோடில் 'கௌதம்' அடிக்கும்போது கெ போட்டு ள போடுது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினா அகப்படாது, அகரவரிசையும் தப்பும். சோதிக்கணும்னா எழுத்துக்குப் பின்னால் கர்சரை வெச்சு ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்க. 'கெ' மிஞ்சினா தப்பா அடிச்சது, 'க' மட்டும் நின்னா சரி.

இதைத் திருத்துறேன்னு ஒருத்தர் 'கெள' எல்லாத்தையும் ஒரே அடியாக 'கௌ'ன்னு மாத்தினார். சமையல் புத்தகம் அது. கெளுத்தி மீன் குழம்பு இருந்த ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளி வட்டம் ஒண்ணு முளைச்சு நின்னுது. கெளிறு மீனுக்கும் இதே கதிதான். ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் மாத்தணும், குறுக்கு வழி இல்லை.

ஆறுக்குஆறு:
ரயில் ஓட்டணும்னு சின்ன வயசில் சொல்லாத பிள்ளை உண்டா? ஒரு கண் பரிசோதனையில் பார்த்தது. நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டை, நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். முதல் அட்டையில் 12, அது எல்லாருக்கும் தெரியும். அடுத்ததில் 8, பையன் 3 என்றான். 74 இருக்கும் அட்டையில் தயங்காமல் 21 என்றான். அவனுக்கு அங்கே 21தான் இருந்தது.

படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஒரு விஷயம். உதவி லோகோ பைலட் வேலைக்கு மருத்துவத் தகுதி ஏ-1. கண்ணாடி இல்லாமல் இரு கண்ணுக்கும் தூரப் பார்வை 6/6, கிட்டத்தில் படிக்கும் பார்வை 0.6. நிறப்பார்வை, இரு கண் ஒருங்கிணைந்த பார்வை, இரவுப் பார்வை, மங்கல் வெளிச்சப் பார்வை எல்லாம் தேறணும். பவர் இருப்பதை மறைக்க முடியாது, லென்ஸ் வைத்துப் பார்வையை மங்கலாக்கிப் பார்க்கும் ஃபாகிங் சோதனை அதற்குத்தான். லேசிக் செய்தாலும் ஆகாது. பலர் எழுத்துத் தேர்வும் கணினி வழி உளத்திறன் தேர்வும் தாண்டி, கடைசியாக வரும் மருத்துவத்தில் விழுவது இதில்தான். ஐடிஐ சேர்க்கும் முன்பே கண் மருத்துவரிடம் இந்த அட்டையைப் படிக்க வையுங்கள், பத்து நிமிடம் கூட ஆகாது. செல்போன் திரையில் பார்ப்பது கணக்கில்லை, நிறம் மாறித் தெரியும். ஓட்டுநர் இல்லாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் என்று உடனே தாவாதீர்கள். அது ஏ-2. பார்வை 6/9 போதும், ஆனால் அதுவும் கண்ணாடி இல்லாமல், நிறப்பார்வையும் வேண்டும். குமாஸ்தா கம் டைப்பிஸ்ட் பதவிகள் சி-2, அங்கே நிறம் தடையில்லை. எந்தப் பதவிக்கு எந்த வகுப்பு என்று அறிவிப்பின் பின்னிணைப்பில் அட்டவணை இருக்கும். வயது வரம்புக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

கைமடி_திருப்பூர்:
ஆறுக்குஆறு, கேட்காத அட்வைஸ்தான், ஆனாலும் சேமிச்சு வெச்சுக்கிட்டேன்.

நம்ம ஊர் பனியன் கம்பெனியில முதல் வேலை கைமடி. டெய்லர் பக்கத்தில நின்னு தைச்ச பீஸை வாங்கி, பிரிச்சு, மடிச்சு அடுத்த ஆளுக்குத் தள்ளணும். அங்கிருந்து குவாலிட்டிக்கு ஏறின ஒருத்தர் துணியைக் கட்டைவிரல்ல தேய்ச்சே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு) சொல்லுவார், பெரும்பாலும் அஞ்சுக்கு மேல தப்பாது. அன்னைக்கு ஒரு ரோலைத் தொட்டு 180ன்னார். ரவுண்டு கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசுல வெச்சா 1.62 கிராம். நூறால பெருக்கினா 162.

விரல் பொய் சொல்லலைங்க. துணிக்கு மேல் பரப்பை உரசிப் பூ எழுப்பியிருந்தாங்க, தொட்டா தடிமனாத்தான் தெரியும். அந்த 18ல என்ன போயிடும்னு கேட்கலாம். ஒரு டீசர்ட்டுக்கு உடம்பு நீளம் 72, கை 22, தையலுக்கு விடுற கூட்டு 10, மொத்தம் 104 சென்டிமீட்டர். அதை 58 அகலத்தால பெருக்கி ரெட்டிச்சா 12,064. 162ல கணக்குப் போட்டா 195 கிராம், 180ல போட்டா 217. பத்தாயிரம் பீஸுக்குக் கிட்டத்தட்ட 220 கிலோ துணி வித்தியாசம், வேஸ்ட் சேர்க்காமலே. ரோலைப் பிரிச்சு 24 மணி நேரம் தளர விட்டு, ஓரத்தை விட்டு அஞ்சு இடத்துல வெட்டி எடைபோட்டுச் சராசரி எடுங்க. கட்டர் பிளேடு மழுங்கியிருந்தா விளிம்பு பிசிறடிச்சு எடை மாறும், அதையும் பாருங்க.

பத்துபாயிண்ட்:
கேஸ்கட்டை, பிரிச்சுப் போடுறதை விட்டது என் தப்பு. கெளுத்தி விஷயத்தை எங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இங்கே ஒருத்தர் மானிட்டரையே தலைகீழாத் திருப்பி ப்ரூஃப் பார்க்கிறாராம், கழுத்துதான் வலிக்கும். அச்செடுத்துத் தாளைத் திருப்புங்க.